இருளைத் தேடிச் சென்ற வைணு பாப்பு

பத்தாம் வகுப்பு, அ பிரிவு

வானத்தை அண்ணாந்து பார்த்து வியக்காத மனிதர் உண்டோ? ஆனால் நெய்வேலியில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு வானம் காட்டும் விண்மீன்கள் சிலவே. எங்கள் வட்டங்களின் வீதிகளில் விடிய விடிய விளக்குகள் எரிகின்றன. சுரங்கத்தின் பக்கம் பார்த்தால் அடிவானமே மஞ்சளாகத் தெரியும். மண்ணை வெட்டும் மாபெரும் இயந்திரங்கள் இரவிலும் ஓய்வதில்லை. எங்கள் தந்தையரில் பலர் இரவு ஷிப்டு முடித்துக் காலையில் வீடு திரும்புகிறவர்கள். பழுப்பு நிலக்கரியை எரித்து ஊருக்கெல்லாம் ஒளி தரும் நகரியம் எங்களுடையது என்பதில் எங்களுக்குப் பெருமை உண்டு.

இவ்வாண்டு அறிவியல் வகுப்பில் பால்வீதி என்ற சொல் வந்தது. அதைக் கண்ணால் கண்டவர்கள் கை தூக்கும்படி சகோதரி சொன்னார்கள். வகுப்பு முழுவதிலும் மூன்று கைகளே உயர்ந்தன. அம்மூவரும் விடுமுறைக்குப் பாட்டி ஊருக்குப் போன இடத்தில் கண்டவர்கள். சகோதரி சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, நல்ல இருள் உள்ள ஓர் இடத்தைத் தேடுவதற்கே தம் வாழ்நாளில் பல ஆண்டுகளைச் செலவிட்ட ஒருவரைப் பற்றிச் சொன்னார்கள். அவர் கண்டெடுத்த இடம் நம் தமிழ்நாட்டில்தான், திருவண்ணாமலைக்கு அப்பால் ஜவ்வாது மலையில் இருக்கிறது என்றும் சொன்னார்கள். அன்று முதல் நூலகத்தில் தேடிப் படித்து, நாங்கள் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

தந்தையின் வானாய்வகம்

மணாலி கல்லாட் வைணு பாப்பு 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். இவருடைய குடும்பம் கேரளத்தைச் சேர்ந்தது. தந்தை ஐதராபாத்திலுள்ள நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றினார். ஆகவே சிறுவன் வைணு வளர்ந்தது தொலைநோக்கிகளின் நடுவில்தான்.

அக்காலத்தில் உலகின் பல வானாய்வகங்கள் ஒன்று சேர்ந்து ஒரு பெரும் பணியை மேற்கொண்டிருந்தன. வானத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் புகைப்படம் எடுத்து, விண்மீன்களின் அட்டவணை ஒன்றைத் தயாரிப்பதே அப்பணி. அதில் ஒரு பங்கை நிஜாமியா வானாய்வகம் ஏற்றிருந்தது. கண்ணாடித் தட்டின் மீது ஒளிபட்டால் கருக்கும் வெள்ளி உப்பைப் பூசி, தொலைநோக்கியில் பொருத்திப் படம் எடுப்பார்கள். கழுவி எடுத்த தட்டில் விண்மீன்கள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். பிற சிறுவர் பம்பரமும் கோலியும் ஆடிய வயதில் வைணு இத்தட்டுகளைப் பார்த்து வளர்ந்தார். கல்லூரியில் படிக்கும்போதே ஒளி மாறும் விண்மீன்களைக் கவனித்து ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதத் தொடங்கிவிட்டார்.

ஒரு தட்டில் கண்ட வால்மீன்

ஐதராபாத் அரசின் உதவித்தொகை பெற்று, 1949ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். சென்ற சில மாதங்களிலேயே ஓர் அரிய நிகழ்ச்சி நடந்தது. ஜூலை 2ஆம் நாள் இரவு அவர் எடுத்த புகைப்படத் தட்டு ஒன்றில் புதிய பொருள் ஒன்று தென்பட்டது. விண்மீன் என்றால் புள்ளியாக இருக்க வேண்டும். இதுவோ மங்கலாக, நகர்ந்த தடத்துடன் இருந்தது. பேராசிரியர் பார்ட் போக், உடன் பயின்ற கார்டன் நியூகர்க் ஆகிய இருவரும் சேர்ந்து ஆராய்ந்து, அது இதுவரை எவரும் காணாத வால்மீன் என்று உறுதி செய்தனர். அதற்குப் பாப்பு போக் நியூகர்க் வால்மீன் என்று பெயரிடப்பட்டது. அது கதிரவனை ஒரு முறை சுற்றிவர ஏறத்தாழ 60,000 ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். இக்கண்டுபிடிப்புக்காகப் பசிபிக் வானியல் கழகத்தின் டோனோ பதக்கம் பாப்புவுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்றே!

1952இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் கார்னகி உதவி பெற்றுப் பாலோமர் மலைக்குச் சென்றார். அந்நாளில் உலகிலேயே பெரியதாக விளங்கிய 200 அங்குலத் தொலைநோக்கி அங்கேதான் இருந்தது. அங்கு ஒலின் வில்சன் என்ற அறிஞருடன் சேர்ந்து முக்கியமான உண்மையொன்றைக் கண்டார்.

அதை எங்களுக்குப் புரிந்த அளவில் சொல்கிறோம். தூரத்தில் ஒரு விளக்கு மங்கலாகத் தெரிந்தால், அது சிறிய விளக்கு அருகில் இருக்கிறதா, பெரிய விளக்கு தொலைவில் இருக்கிறதா என்று எப்படி அறிவது? விண்மீன்களுக்கும் இதே சிக்கல் உண்டு. விண்மீனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால், கால்சியம் உண்டாக்கும் கருங்கோடு ஒன்றின் நடுவில் சிறிய ஒளிக்கோடு தெரிகிறது. அவ்வொளிக்கோடு அகலமாக இருந்தால் அந்த விண்மீன் உண்மையிலேயே மிகப் பிரகாசமானது. குறுகலாக இருந்தால் பிரகாசம் குறைந்தது. ஆக, ஒரு கோட்டின் அகலத்தை அளந்தே விண்மீனின் உண்மையான பிரகாசத்தையும், அதிலிருந்து அதன் தொலைவையும் சொல்லிவிடலாம். 1957இல் வெளியான இவ்வுண்மை வில்சன் பாப்பு விளைவு என்ற பெயரில் இன்றும் வானியல் நூல்களில் பயிலப்படுகிறது.

தாயகம் திரும்பினார்

இத்தனை புகழும் வசதியும் இருந்தும் 1953இல் அவர் இந்தியா திரும்பினார். இவ்விடத்தைப் படித்தபோது எங்கள் வகுப்பில் பெரிய வாக்குவாதம் எழுந்தது. எங்களுள் ஒரு சாரார், அவர் திரும்பியிருக்கக் கூடாது என்றனர். நல்ல சமையற்காரருக்கும் அடுப்பு வேண்டும் அல்லவா? அன்று இந்தியாவில் ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி ஒன்றுகூட இல்லை. அங்கேயே இருந்திருந்தால் இன்னும் எத்தனையோ கண்டுபிடித்திருப்பார் என்பது அவர்களது கட்சி. மறு சாராரோ, எல்லாரும் அடுப்பு உள்ள வீட்டுக்கே போய்விட்டால் நம் வீட்டில் அடுப்பு மூட்டுவது யார் என்று கேட்டனர். எங்கள் அண்ணன்மாரும் அக்காமாரும் படிப்பு முடித்து வெளிநாடு போவதைக் காணும் எங்களுக்கு இது வெறும் பட்டிமன்றப் பொருளாகத் தோன்றவில்லை.

பாப்பு என்ன செய்தார் என்பதைப் பார்ப்போம். 1954இல் காசியில் தொடங்கப்பட்ட உத்தரப்பிரதேச அரசு வானாய்வகத்தின் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. காசியின் தூசியும் விளக்கொளியும் வானாராய்ச்சிக்கு ஏற்றவையல்ல என்று கண்டு, 1955இல் வானாய்வகத்தையே நைனிதால் மலைக்கு மாற்றினார். அதை வளர்த்து நிலைநிறுத்திவிட்டு, 1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராக நம் தமிழ்நாட்டுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று கூட நிரம்பவில்லை.

இருளைத் தேடி

கொடைக்கானல் வானாய்வகம் 1899இல் நிறுவப்பட்டது. கதிரவனைப் பற்றிய ஆராய்ச்சியில் அது உலகப் புகழ் பெற்றது. ஆனால் இரவில் மங்கலான விண்மீன்களை ஆராய்வதற்கு அங்கே மேகமும் மூடுபனியும் தடையாக இருந்தன. ஆகவே இரவு வானத்துக்கென்று வேறோர் இடம் தேடினார் பாப்பு.

எத்தகைய இடம் வேண்டும்? முதலாவது, பெரிய நகரங்களின் ஒளி எட்டாத இருள் வேண்டும். இரண்டாவது, மேகமில்லாத இரவுகள் பல வேண்டும். மூன்றாவது, இயன்றவரை தெற்கில் இருக்க வேண்டும். ஏன் தெற்கு? உலகின் பெரிய தொலைநோக்கிகள் பலவும் அன்று வடக்கே இருந்தன. அங்கிருந்து தென்வானத்தின் பெரும்பகுதி தெரியாது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருந்தால் வடவானம், தென்வானம் இரண்டையுமே பார்க்கலாம். இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து அவர் தேர்ந்தெடுத்த இடம்தான் காவலூர். இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலைக் காட்டின் நடுவே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில், வடக்கே பன்னிரண்டரை பாகையில் அமைந்த சிற்றூர் அது. குறையே இல்லாத இடம் எங்கும் இல்லை. மழைக்காலத்தில் அங்கும் மேகம் மூடும். ஆயினும் இருள் இருந்தது. அதுவே அவர் தேடியது.

1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் காவலூரில் வேலை தொடங்கியது. அதை வெளிநாட்டிலிருந்து வாங்கவில்லை. கொடைக்கானல் பணிமனையிலேயே செய்தார்கள். நம் கையால் செய்தால்தான் பழுதானாலும் நாமே சரிசெய்யலாம், அடுத்ததை அதைவிடப் பெரிதாகவும் செய்யலாம் என்பது பாப்புவின் கொள்கை. 1971இல் கொடைக்கானல், காவலூர் இரண்டையும் சேர்த்து, இந்திய வான் இயற்பியல் நிறுவனம் தன்னாட்சி பெற்ற நிறுவனமாக உருவாயிற்று. பாப்பு அதன் இயக்குநரானார்.

1972இல் ஜெர்மனியின் ஜெனா நகரிலிருந்து ஒரு மீட்டர் தொலைநோக்கி காவலூருக்கு வந்தது. பொருத்திய சில வாரங்களிலேயே, வியாழனின் நிலாவாகிய கானிமீட் ஒரு விண்மீனை மறைத்த காட்சியை அது பதிவு செய்தது. 1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கிரகம் ஒரு விண்மீனை மறைக்க இருந்தது. பட்டாச்சாரியா, குப்புசாமி ஆகிய அறிஞர்கள் காவலூரில் காத்திருந்தனர். கிரகம் மறைக்கும் முன்பே விண்மீனின் ஒளி திடீரெனக் குறைந்து மீண்டது! புதிய நிலாவாக இருக்கலாம் என்று முதலில் எண்ணினார்கள். அதே நிகழ்ச்சியை அமெரிக்க அறிஞர்கள் விமானத்திலிருந்து கண்டிருந்தனர். எல்லாவற்றையும் ஒப்பிட்டபோது, யுரேனசுக்கும் சனியைப் போல வளையங்கள் உண்டு என்பது தெளிவாயிற்று. ஜவ்வாது மலைக்காட்டில் விழித்திருந்த நம்மவர்களுக்கும் அக்கண்டுபிடிப்பில் பங்கு கிடைத்தது.

ஒளியைச் சேமிக்கும் கலை

விண்மீன் திரள்கள் என்பவை கோடி கோடி விண்மீன்களின் கூட்டங்கள். அவற்றுள் பெரியதும் நமக்கு அருகிலுள்ளதுமான ஆண்ட்ரோமெடா திரளின் ஒளியே நம்மை வந்தடைய ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. தொலைவிலுள்ள திரள்களை எவ்வளவு பெரிய தொலைநோக்கியிலும் வெறும் கண்ணால் சரியாகக் காண இயலாது. கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை. நொடிக்கு நொடி பழையதை விட்டுப் புதியதைப் பார்க்கிறது. புகைப்படத் தட்டு அப்படியன்று. சிறுகச் சிறுகப் பணம் சேர்க்கும் உண்டியலைப் போல, மணிக்கணக்கில் விழும் ஒளியைச் சேர்த்து வைக்கும்.

ஆனால் பூமி சுழல்வதால் வானம் மணிக்குப் பதினைந்து பாகை நகர்கிறது. தொலைநோக்கியும் அதே வேகத்தில் திரும்ப வேண்டும். ஆகவே ஆராய்ச்சியாளர் குளிரும் இரவில் கூம்பின் அடியில் அமர்ந்து, ஒரு விண்மீனைச் சிலுவைக்கோட்டின் நடுவிலிருந்து விலகாமல் மணிக்கணக்கில் காக்க வேண்டியிருந்தது. சற்றுக் கண் அயர்ந்தாலும் விண்மீன்கள் கோடுகளாகிவிடும். ஓர் இரவின் உழைப்பு வீணாகிவிடும்.

இத்தனை பாடுபட்டாலும் தட்டில் விழும் ஒளியில் நூற்றில் சில பங்கே பதிவாகும். பிற்காலத்தில் சி.சி.டி. என்னும் மின்னணுக் காமிரா வந்தது. சிலிக்கன் சில்லு ஒன்றில் ஆயிரமாயிரம் சிறு கட்டங்கள். மழை பெய்யும்போது முற்றத்தில் வரிசையாகப் பாத்திரங்கள் வைத்தாற்போல, ஒவ்வொரு கட்டமும் தன்மேல் விழும் ஒளியை மின்துகளாகச் சேர்க்கிறது. விழும் ஒளியில் பாதிக்கு மேல் பதிவாகிவிடும். ஆனால் ஒரு சங்கடம். வெப்பத்தாலும் அதே மின்துகள்கள் தாமாகவே உண்டாகின்றன. மழையே இல்லாதபோதும் பாத்திரத்தில் நீர் ஊறினால் மழையின் அளவை எப்படி அறிவது? ஆகவே காமிராவைக் கடுமையாகக் குளிர்விக்கிறார்கள். வெற்றிடச் சுவருள்ள குடுவையில், நாம் காபி வைக்கும் பிளாஸ்கைப் போன்ற அமைப்பில், பூஜ்யத்துக்குக் கீழே 196 பாகைக் குளிருள்ள திரவ நைட்ரஜனை ஊற்றிக் குளிர்விப்பார்கள். அந்தக் குளிரில்தான், தொலைவிலிருந்து வரும் துளி ஒளியும் மறைந்துபோகாமல் படமாகிறது. காவலூரிலும் 1980களின் பிற்பகுதியில் இவ்வகைக் காமிராக்கள் வந்தன. அவற்றைக் காணப் பாப்பு இல்லை.

பெரிய தொலைநோக்கி

பாப்புவின் பெருங்கனவு, 234 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியை இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்வது. இருளில் விரிந்த நம் கண்ணின் பாவையைவிட ஒரு லட்சம் மடங்குக்கு மேல் ஒளியைத் திரட்டும் ஆடி அது. கண்ணாடிப் பாளம் மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்தது. அதைத் தேய்த்து மெருகேற்றும் வேலை பெங்களூரிலேயே ஆண்டுக்கணக்கில் நடந்தது. அத்தகைய பெரிய வேலையை நம் நாட்டில் அதற்கு முன் யாரும் செய்ததில்லை. முடியுமா என்று ஐயுற்றவர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா?

இதற்கிடையில் பெருமைகள் அவரைத் தேடி வந்தன. 1970இல் பட்நாகர் பரிசும் 1981இல் பத்மபூஷண் விருதும் பெற்றார். 1979இல் அனைத்துலக வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே.

1982 ஆகஸ்டில் அவ்வொன்றியத்தின் மாநாடு கிரேக்க நாட்டின் பத்ராஸ் நகரில் கூடியது. தலைவராக வீற்றிருக்க வேண்டியவர் அங்கில்லை. இருதய அறுவை சிகிச்சைக்காக ஜெர்மனியின் மியூனிக் நகருக்குச் சென்றிருந்த பாப்பு, மாநாடு நடந்துகொண்டிருந்தபோதே ஆகஸ்டு 19ஆம் நாள் இயற்கை எய்தினார். ஐம்பத்தைந்தாம் பிறந்தநாள் கழிந்து ஒன்பது நாட்களே ஆகியிருந்தன. பெரிய தொலைநோக்கி அப்போது முற்றுப்பெறவில்லை. அதன் வழியே ஒருமுறைகூட அவர் வானத்தைப் பார்க்கவில்லை.

உடன் உழைத்தவர்கள் வேலையை நிறுத்தவில்லை. 1986 ஜனவரி 6ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி அத்தொலைநோக்கியை நாட்டுக்கு அர்ப்பணித்தார். தொலைநோக்கிக்கும் காவலூர் வானாய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயரே சூட்டப்பட்டது.

மறு ஆண்டே, 1987 பிப்ரவரியில், நம் பால்வீதிக்கு அண்டையிலுள்ள பெரிய மெகல்லன் திரளில் ஒரு விண்மீன் வெடித்துப் பேரொளி வீசியது. அது தென்கோடி வானில் இருந்ததால் வடநாட்டு வானாய்வகங்களுக்குத் தெரியவே இல்லை. காவலூரில் மட்டும் அடிவானத்துக்குச் சற்று மேலே அது எழும்பியது. நம்மவர்கள் அதன் நிறமாலையைப் பதிவு செய்தனர். தெற்கே இடம் வேண்டும் என்று பாப்பு ஏன் வற்புறுத்தினார் என்பது அன்று விளங்கியிருக்கும். அப்பணியில் பங்குகொண்டவர்களுள் ஒருவர் அனுபமா அம்மையார். பின்னாளில் இந்திய வானியல் கழகத்தின் முதல் பெண் தலைவராக 2019இல் அவர் பொறுப்பேற்றார் என்பதை எங்கள் தோழியர் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம்.

நாங்கள் கற்றது

எங்கள் வாக்குவாதம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். இன்னும் முடியவில்லை. ஆனால் ஒன்றை இரு சாராரும் ஒப்புக்கொண்டோம். பாப்பு அங்கேயே இருந்திருந்தால் அவருக்குப் பல கண்டுபிடிப்புகள் கிடைத்திருக்கலாம். இங்கு வந்ததால் மற்றவர்களுக்குக் கிடைத்தன. தாம் பார்க்கப்போவதில்லை என்று அறியாமலேயே அவர் பிறருக்கு ஒரு கண்ணைச் செய்து வைத்துவிட்டுப் போனார்.

இக்கட்டுரையை எழுதி முடித்த வாரம், தலைமைச் சகோதரியிடம் அனுமதி பெற்று, ஒரு சனிக்கிழமை மாலை விளையாட்டுத் திடலின் விளக்குகளை அரை மணி நேரம் அணைத்தோம். பெற்றோர் சிலரும் வந்திருந்தனர். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் இருளுக்குப் பழகப் பழக விண்மீன்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. கார்த்திகைக் கூட்டத்தில் ஆறு எண்ணினோம். ஆண்ட்ரோமெடாவைத் தேடினோம்; கிடைக்கவில்லை. சுரங்கத்தின் ஒளி அடிவானத்தில் அப்படியே இருந்தது. அங்கே எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை அந்நேரம் வேலையில் இருந்தார். அவ்வொளியை அணைக்கச் சொல்ல எங்களுக்கு மனம் வராது. அதுவே எங்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால் தெருவிளக்குகள் வானத்தைப் பாராமல் தரையைப் பார்த்து எரிந்தால் போதுமே! மேலே ஒரு மூடி போட்டால் வெளிச்சமும் குறையாது, வானமும் மிஞ்சும்.

அரை மணி முடிந்து விளக்கைப் போட்டபோது எல்லாரும் ஒரே குரலில் ஐயோ என்றோம். அடுத்த ஆண்டு எங்களைக் காவலூருக்கு அழைத்துச் செல்வதாகச் சகோதரி வாக்களித்திருக்கிறார்கள். அங்கே போய்வந்த பிறகு அதே கேள்வியை அவர்கள் மீண்டும் கேட்கட்டும். வகுப்பிலுள்ள எல்லாக் கைகளும் உயரும்.